ஒருநாள் விருந்தாளி

பால்மாட்டு ஆராய்ச்சியாளர்கள் தவறாமல் புரட்டும் 'ஜர்னல் ஆஃப் டெய்ரி சயின்ஸ்' இதழில் 2009-ஆம் ஆண்டு இரண்டு கட்டுரைகள் வெளியாயின. இரண்டிலும் கேள்வி ஒன்றே. வெயில் காலத்தில் கறவை மாட்டின் தீவனத்தில் ஈஸ்ட் கலந்தால், பால் குறைவதைத் தடுக்க முடியுமா?

இஸ்ரேலில் உஸி மொவாலெமும் அவருடைய சகாக்களும் உயிருள்ள ஈஸ்ட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் தின்ற மாடுகள் மற்றவற்றைவிட நாளுக்குச் சுமார் ஒன்றரை கிலோ கூடுதலாகக் கறந்தன. கணக்குக்கு அது 4 சதவீதம். தீவனமும் கொஞ்சம் அதிகமாகத் தின்றன. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் லான்ஸ் பாம்கார்டின் குழு வேறொரு ஈஸ்ட் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. வெப்பத்தை விருப்பம்போல் ஏற்றி இறக்கக்கூடிய அறைகளில் மாடுகளைக் கட்டி, நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் கொடுத்தார்கள். மூன்று வாரம் அறையின் உச்ச வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. மிகவும் தணிந்த நேரத்திலும் 29-க்குக் கீழே இறங்கவில்லை. பால் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. ஈஸ்ட் தின்ற மாட்டிலும் சரிவு, தின்னாத மாட்டிலும் அதே சரிவு.

இரண்டும் ஹோல்ஸ்டீன் மாடுகள். இரண்டு இடத்திலும் கொடுத்தது ஈஸ்ட்தான். தீவனக் கடைக்காரர் முதல் கட்டுரையைக் காட்டுவார், சந்தேகப் பேர்வழி இரண்டாவதைக் காட்டுவார். இரண்டு கட்டுரையிலும் பொய் இல்லை. அது எப்படி என்று விளங்க, மாட்டின் முதல் வயிற்றுக்குள் இறங்க வேண்டும். அதற்கும் முன்னால், வெயில் அந்த வயிற்றை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

மாட்டின் உடல் வெப்பம் இயல்பாக 38.5 டிகிரி அளவில் நிற்கும். அதற்கு வேண்டிய சூட்டை மாடு தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. தின்ற தீவனம் முதல் வயிற்றில் புளிக்கும்போது சூடு பிறக்கிறது. பால் சுரக்கும்போதும் பிறக்கிறது. நிறையக் கறக்கும் மாடு நிறையத் தின்கிறது, நிறையப் புளிக்க வைக்கிறது, ஆகவே நிறையச் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். ஒரே கொட்டகையில் பால் வற்றிய மாடு சாவகாசமாகப் படுத்து அசை போட, பக்கத்தில் 20 லிட்டர் கறக்கும் சீமைக் கலப்பு மாடு தவிப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தத் தவிப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மாடு படுக்காது, படுத்தால் உடம்பின் பாதி தரையோடு ஒட்டிவிடும், காற்றுப் படாது. கழுத்தை முன்னால் நீட்டி நிற்கும். வாய் திறந்திருக்கும், நாக்கு வெளியே தெரியும், கீழ்த்தாடையிலிருந்து எச்சில் அறுபடாமல் வடியும். பின்விலாவுக்குப் பக்கத்துப் பள்ளம் ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் மூச்சு விகிதம் கிடைக்கும். சும்மா இருக்கும் மாட்டுக்கு முப்பது, நாற்பது. அறுபதைத் தாண்டினால் வெயில் அதை வதைக்கிறது என்று அர்த்தம். எண்பதைத் தாண்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். மாட்டு டாக்டருக்குக் காத்திருக்கத் தேவையில்லாத, காசு செலவில்லாத பரிசோதனை இது. ஆனால் பண்ணைகளில் இதைச் செய்பவர்கள் குறைவு.

இனி நடப்பது விசித்திரமானது. மூச்சிரைக்கும் மாடு கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியே தள்ளுகிறது. அதனால் இரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. அதைச் சரிக்கட்ட, சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சிறுநீரோடு கழித்துக் கொட்டுகிறது. இரத்தத்தின் கணக்கு இத்தோடு நேராகிவிடும். ஆனால் அந்தப் பைகார்பனேட்டுக்கு வேறொரு வேலையும் இருந்தது. மாடு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கிறது. தீவனம் புளித்து உண்டாகும் அமிலத்தை முதல் வயிற்றில் தணிப்பது எச்சிலில் கரைந்து வரும் அந்தப் பைகார்பனேட்தான். இப்போது எச்சிலில் அதன் செறிவு குறைகிறது. மாடு அசை போடுவதும் குறைவதால் எச்சிலின் அளவும் குறைகிறது. சுரந்த எச்சிலிலும் ஒரு பகுதி வயிற்றுக்குப் போகாமல் தரையில் வடிகிறது. ஒரே விலங்கின் இரத்தம் காரமாகவும் வயிறு அமிலமாகவும் மாறும் நிலை இப்படித்தான் வருகிறது.

இதற்குமேல் மாடும் மனிதரும் சேர்ந்து செய்யும் காரியம் ஒன்று உண்டு. பகலெல்லாம் வாய் வைக்காத மாடு, இரவு கொஞ்சம் காற்று வந்ததும் ஒரே மூச்சில் தின்கிறது. அதிலும் வைக்கோலையும் தட்டையையும் ஒதுக்கி அடர்தீவனத்தைத்தான் தேடுகிறது. நார்த்தீவனம் புளிக்கும்போது சூடு அதிகம் என்பதால் அது இயல்புதான். மாட்டுக்காரரோ பால் குறைகிறதே என்று தவிட்டையும் புண்ணாக்கையும் மாவையும் கூட்டுகிறார். அவர் சரியாகத்தான் யோசிக்கிறார், மாடு குறைவாகத் தின்றால் தின்னும் ஒவ்வொரு பிடியிலும் சத்து அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் மாவுச்சத்து வேகமாகப் புளிக்கும். தணிக்கும் எச்சில் குறைந்த நேரம் பார்த்து அமிலம் கூடுகிறது. முதல் வயிற்றின் பி.எச். அளவு வழக்கமாக 6-க்கும் 6.8-க்கும் இடையில் இருக்கும். அது 5.8-க்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் அங்கேயே நின்றால், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்கிப்போகும். இதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பால் சொசைட்டியின் கொழுப்பு அளவுதான். "ஏன் கொழுப்பு இறங்கிப்போச்சு? தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்பார்கள். அவர் ஊற்றியிருக்க மாட்டார்.

ஈஸ்ட் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான்.

ரூமன் எனப்படும் முதல் வயிறு நடமாடும் சாண எரிவாயுக் கலன். இருட்டு, ஈரம், 39 டிகிரி வெப்பம், ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது. அதில் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு ஆக்சிஜன் நஞ்சு. அதனால் இவற்றை வெளியே எடுத்து வளர்ப்பதே நெடுங்காலம் முடியாத காரியமாக இருந்தது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட், ஆக்சிஜன் துளியும் நுழையாத சோதனைக் குழாய்களில் இவற்றை வளர்க்கும் முறையை உருவாக்கினார். 1966-இல் அவர் எழுதிய 'ரூமனும் அதன் நுண்ணுயிர்களும்' என்ற நூல்தான் இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை.

ஆனால் மாடு மூடி வைத்த குழாய் அல்ல. ஒவ்வொரு வாய்த் தீவனத்தோடும் காற்று உள்ளே போகிறது. குடிக்கும் தண்ணீரில் கரைந்தும் போகிறது. வயிற்றுச் சுவரின் இரத்த நாளங்களிலிருந்தும் கசிகிறது. செம்மறி ஆட்டின் சின்ன வயிற்றுக்குள்கூட ஒரு நாளில் 16 லிட்டர் வரை ஆக்சிஜன் நுழையக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயிற்றில் உள்ளவை அதை வேகமாகத் தீர்த்துவிடுகின்றன. இருந்தாலும், தின்று முடித்த சிறிது நேரத்துக்கு அங்கங்கே அது மிஞ்சி நிற்கிறது. அந்தச் சிறிது நேரத்தில் மிகவும் அடிபடுபவை நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள்.

ஈஸ்ட்டோ காற்று இருந்தால் சுவாசிக்கும், இல்லாவிட்டால் புளிக்க வைத்துப் பிழைத்துக்கொள்ளும் உயிர். ரொட்டி மாவை உப்ப வைப்பதும் தென்னங்கள்ளில் நுரை கட்டுவதும் இந்தச் 'சாக்கரோமைசிஸ் செரிவிசியே' இனம்தான். முதல் வயிற்றுக்குள் வந்து விழுந்ததும் அங்கே மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அது சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது, அதனால் நார் செரிப்பவை பிழைக்கின்றன என்று ஒரு கருத்து எழுந்தது. கேட்க அழகாக இருக்கும் கருத்துகள் இந்தத் துறையில் நிறைய உண்டு. இதைச் சோதித்த விதம்தான் இதை மற்றவற்றிலிருந்து பிரித்தது.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் உள்ள ரோவெட் ஆய்வு நிலையத்தில் ஜேமி நியூபோல்ட், ஜான் வாலஸ், ஃபிரெடா மெக்கின்டாஷ் ஆகிய மூவரும் 1996-இல் வெளியிட்ட சோதனை அது. மாட்டு வயிற்றைப் போலவே இயங்கும் செயற்கைக் கலன்களில் ஈஸ்ட்டின் பல ரகங்களைப் போட்டுப் பார்த்தார்கள். சில ரகங்கள் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைக் கூட்டின. சில ரகங்கள் ஒன்றுமே செய்யவில்லை. இனம் ஒன்றுதான், ரகம்தான் வேறு. அடுத்து, பலன் தந்த ரகங்களில் சுவாசிக்கும் திறனை மட்டும் இழந்த திரிபுகளை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் திரிபுகள் உயிரோடு இருக்கும், புளிக்க வைக்கும், தாய் ரகத்தில் உள்ள வைட்டமினும் புரதமும் இவற்றிலும் உண்டு. ஆக்சிஜனைத்தான் உபயோகிக்கத் தெரியாது. அவற்றைக் கலனில் போட்டார்கள். பாக்டீரியாக்கள் பெருகவில்லை.

இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஈஸ்ட் 'சத்து' என்பதால் வேலை செய்கிறது என்றால் திரிபும் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

இந்த வேலைக்குப் போன ஈஸ்ட் அங்கே குடியேறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது செழிப்பாக வளர்வது 30 டிகிரி அளவில். 39 டிகிரி அதற்கு ஒத்து வராது. பெருகாமல் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்துவிட்டு, ஒரு நாள், ஒன்றரை நாளில் சாணத்தோடு வெளியேறிவிடும். இன்று கொடுத்ததன் வேலை நாளையோடு சரி. வாரத்துக்கு ஒரு முறை ஒரு பெரிய உருண்டையாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

ஆக்சிஜன் மட்டுமே முழுக் கதை என்று நான் சொல்ல வரவில்லை. பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் ஆய்வாளர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். மாவுச்சத்து திடீரென்று பெருகும்போது 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ்' என்ற பாக்டீரியா கிடுகிடுவெனப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். முதல் வயிற்றில் வழக்கமாக உண்டாகும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களைவிட இது பல மடங்கு கடுமையானது. 'மெகாஸ்பேரா எல்ஸ்டெனி' என்ற இன்னொரு பாக்டீரியா இதைத் தின்று தீர்க்கும், ஆனால் அது மெதுவாகத்தான் பெருகும். உயிருள்ள ஈஸ்ட் முதலாவதோடு சர்க்கரைக்குப் போட்டி போடுகிறது. இரண்டாவதற்கு அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் அளித்துக் கைகொடுக்கிறது.

லாக்டிக் அமிலம் மிஞ்சினால் என்னவாகும் என்பதை நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களைக் கேட்டால் மாட்டுப் பொங்கலை ஒட்டிய நாட்களைச் சொல்வார்கள். பானை பானையாகப் பொங்கலும் சோறும் தின்ற மாடு மறுநாள் வயிறு உப்பி, அசை நின்று, கண் குழி விழுந்து, புளித்த நாற்றத்தோடு கழிந்துகொண்டு கிடக்கும். கல்யாண வீட்டு மிச்சச் சோறும் இதே வேலையைச் செய்யும். அந்த அளவுக்குப் போனதை எந்த ஈஸ்ட்டும் மீட்காது, அதற்கு ஊசியும் மருந்தும்தான். வெயில் காலத்தில் நடப்பது இதன் மெல்லிய வடிவம்: நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்குத் தெரியாமல் ஏறும் புளிப்பு. ஈஸ்ட்டுக்கு இடம் இருப்பது அங்கேதான்.

எவ்வளவு இடம்? மறுபடியும் அதே 2009, அதே இதழ். பிரான்சின் டெனோயேயும் சகாக்களும் அதுவரை வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரட்டி, அசை போடும் விலங்குகளுக்கு ஈஸ்ட் தரும் பலனைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். முதல் வயிற்றின் பி.எச். 0.03 உயர்ந்தது. பால், மாட்டின் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் கூடியது. பாலின் புரத விகிதத்தில் மாற்றம் இல்லை. கொழுப்பு கொஞ்சம் ஏறுவதுபோல் தெரிந்தது. 600 கிலோ ஹோல்ஸ்டீனுக்கு இது நாளுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 400 கிலோ கலப்பின மாட்டுக்கு அதே விகிதத்தைப் போட்டால் அரை லிட்டருக்குப் பக்கம். ஆனால் அந்த விகிதம் பெரும்பாலும் நன்றாகக் கறக்கும் மாடுகளிலிருந்து வந்தது என்பதால், நம் கணக்கில் அதை மேல் எல்லையாக வைத்துக்கொள்வதே நல்லது.

0.03 என்ற எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். அது சராசரி. அந்த ஆய்விலேயே இன்னொரு செய்தி இருந்தது: தீவனத்தில் அடர்தீவனத்தின் பங்கு கூடக் கூட, மாடு தின்னும் அளவு கூடக் கூட, பி.எச். மீது ஈஸ்ட்டின் பிடியும் கூடியது. வயிறு நன்றாக இருக்கும் மாட்டுக்குச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. புளிப்பை நோக்கிச் சரியும் மாட்டுக்குத்தான் உண்டு.

இப்போது இஸ்ரேலுக்கும் அரிசோனாவுக்கும் திரும்பலாம். முதல் வேறுபாடு கொடுத்த பொருளில் இருக்கிறது. இஸ்ரேலில் கொடுத்தது உயிருள்ள ஈஸ்ட். அரிசோனாவில் கொடுத்தது 'ஈஸ்ட் கல்ச்சர்', அதாவது ஈஸ்ட்டை ஓர் ஊடகத்தில் வளர்த்து, அந்த ஊடகத்தோடு சேர்த்து உலர்த்தியது. அதில் முக்கியமானது ஈஸ்ட் விட்டுச் சென்ற பொருட்கள், உயிருள்ள செல்கள் அல்ல. கல்ச்சர் பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. தெற்கு டகோட்டாவில் 2004-இல் வெளிவந்த கோடைச் சோதனையில் நாளுக்கு 60 கிராம் கல்ச்சர் தின்ற மாடுகளின் பால் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் தின்ற தீவனத்தைப் பாலாக்கும் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. இரண்டும் வேறு வேறு பொருட்கள், வேறு வேறு வழியில் வேலை செய்பவை. கடையில் இரண்டுக்கும் 'ஈஸ்ட்' என்றே பெயர்.

இரண்டாவது வேறுபாடு சூட்டின் கடுமையில் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது ஏன் என்பதற்கு விடையும் அரிசோனா குழுவிடமிருந்தே வந்தது, நம்பினால் நம்புங்கள், அதே 2009-இல். மிஷெல் ரோட்ஸும் பாம்கார்டும் மற்றவர்களும் ஒரு கூட்டம் மாடுகளைச் சூட்டில் வைத்தார்கள். இன்னொரு கூட்டத்தைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, சூட்டில் இருந்தவை எவ்வளவு குறைவாகத் தின்றனவோ அதே அளவு தீவனத்தை மட்டும் கொடுத்தார்கள். வெயிலில் பால் குறைவதற்குத் தின்னாததுதான் காரணம் என்றால் இரண்டு கூட்டத்திலும் பால் ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. தீனி குறைந்ததால் போன பால், மொத்த இழப்பில் பாதியைக்கூட எட்டவில்லை.

மிச்சம் எங்கே போனது? சூட்டில் வாடும் மாட்டின் உடல் தன் கொழுப்பைக் கரைத்து எரிக்காமல், பாலுக்குப் போக வேண்டிய குளுக்கோஸை எரிக்கிறது. இரத்த ஓட்டம் சூட்டைத் தணிக்கத் தோலுக்குத் திருப்பிவிடப்படுவதால் குடல் சுவர் பலவீனப்பட்டு, பாக்டீரியா நஞ்சுகள் உள்ளே கசிகின்றன. அவற்றை எதிர்க்கும் நோய் எதிர்ப்புச் செல்களும் குளுக்கோஸைத் தின்கின்றன. மடிக்குக் குளுக்கோஸ் இல்லையென்றால் பாலில் லாக்டோஸ் இல்லை, லாக்டோஸ் இல்லையென்றால் பாலின் அளவு இல்லை. இந்த இழப்பு நடப்பது முதல் வயிற்றுக்கு வெளியே. அங்கே ஈஸ்ட்டின் கை எட்டாது. தணிவே இல்லாத அரிசோனா அறையில் மதியத்திலும் மாலையிலும் மாடுகளின் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நின்றது. அங்கே அறுந்த கண்ணிகள் பல. ஈஸ்ட் கட்டக்கூடியது அவற்றில் ஒன்றே ஒன்று.

ஆகவே ஈஸ்ட் மாட்டைக் குளிர வைக்கும் மருந்தல்ல. இதைச் சொன்னதும், இடறும் சில செய்திகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே அரிசோனா சோதனையில் பாலைக் காக்காத ஈஸ்ட், மதியத்திலும் மாலையிலும் மாட்டின் ஆசனவாய் வெப்பத்தைக் கால் டிகிரி குறைத்தது. பிரேசிலில் 2015-இல் வெளியான ஒரு கோடைச் சோதனையில் உயிருள்ள ஈஸ்ட் தின்ற மாடுகள் 25.4 கிலோவுக்குப் பதில் 26.7 கிலோ கறந்ததோடு, மூச்சும் நிமிடத்துக்கு 56-இலிருந்து 48-ஆக இறங்கியது. 2018-இல் அங்கிருந்தே வந்த இன்னொரு ஆய்வு, ஈஸ்ட் கல்ச்சர் தின்ற மாடுகளின் இரத்தத்தில் நியாசின் வைட்டமின் கூடியதையும், தோல் வழியே ஆவியாகி வெளியேறும் சூடு கூடியதையும் காட்டியது. நியாசின் தோலின் இரத்த நாளங்களை விரிக்கும் என்பது தெரிந்ததே. ஆக, ஒரு சிறு குளிர்ச்சியும் இருக்கக்கூடும். ஆனால் 40.3 டிகிரியில் தவிக்கும் மாட்டுக்குக் கால் டிகிரி போதாது.

நம் ஊர் மாட்டுக்கு வருவோம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் குறியீடு ஒன்று உண்டு. 1959-இல் ஏர்ல் தாம் அதை மனிதர்களுக்காக உருவாக்கினார். மாட்டுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு 72-ஐத் தாண்டினால் கறவை மாடு வாடும் என்றார்கள்; நவீன மாடுகள் அதிகம் கறப்பதால் அரிசோனா குழு அந்த எல்லையை 68-க்கு இறக்கியது. 22 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்றாலே 68 வந்துவிடும். மார்கழி விடியலில் சென்னையில் 24 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் குறியீடு 74. கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரி, 40 சதவீதம் என்றால் 89. இந்த எண்களை அப்படியே நம்பினால் தமிழ்நாட்டுச் சமவெளி மாடு ஆண்டு முழுக்க வெப்ப நோயாளி என்றாகிவிடும்.

ஆனால் அந்த 68, நாளுக்கு 35 லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டை வைத்து வரைந்த கோடு. வைக்கோலும் கொஞ்சம் பசுந்தீவனமும் இரண்டு கிலோ தவிடு, புண்ணாக்கும் தின்று எட்டு லிட்டர் கறக்கும் ஜெர்சிக் கலப்பின மாட்டுக்குள் பிறக்கும் சூடு குறைவு, அமிலமும் குறைவு. காங்கேயத்துக்கும் உம்பளச்சேரிக்கும் இந்தப் பேச்சே தேவையில்லை. வைக்கோலை நம்பி வாழும் மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்களுக்குக் குறைவது பெரும்பாலும் நைட்ரஜன். அதற்குப் பயறு வகைப் பசுந்தீவனமோ புண்ணாக்கோதான் வேண்டும். ஈஸ்ட்டுக்கான மாடு வேறு: 15, 20 லிட்டர் கறப்பது, அடர்தீவனம் தட்டு நிறையத் தின்பது, கோடையில் கொழுப்பு அளவு இறங்குவது.

அந்த மாட்டுக்கும் முதல் செலவு ஈஸ்ட் அல்ல. வெயிலில் கறவை மாடு நாளுக்கு நூறு லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். காலையும் மாலையும் வாளியில் காட்டினால் அந்தக் கணக்கு வராது. நிழலில், மாடு நினைத்தபோது வாய் வைக்கும்படி தொட்டி வேண்டும். கூரை மேல் தென்னங்கீற்று போட்டு நனைக்கலாம். விசிறி இல்லாமல் தண்ணீரை மட்டும் தெளித்துக்கொண்டிருந்தால், கடலோர ஊர்களில் கொட்டகைக்குள் புழுக்கம்தான் ஏறும். அடர்தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் பிரித்து வைக்க வேண்டும். ஏற்கெனவே உண்டான அமிலத்தைத் தணிக்கச் சமையல் சோடாவும் உண்டு. பெரிய மாட்டுக்கு நாளுக்கு 100 முதல் 200 கிராம் வரை தீவனத்தில் கலப்பார்கள். சிறுநீரில் கொட்டிப்போன அதே பைகார்பனேட்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் அது.

இவ்வளவும் செய்த பிறகு ஈஸ்ட் வாங்குபவர் பாக்கெட்டில் இரண்டைப் பார்க்க வேண்டும்: ரகத்தின் எண், உயிருள்ள செல்களின் எண்ணிக்கை. நாளுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் கோடி உயிருள்ள செல்கள் என்பது வழக்கமான அளவு. ரகத்தின் பெயர் இல்லாமல் 'ஈஸ்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் அபர்தீனில் ஒன்றும் செய்யாத ரகங்களை நினைத்துக்கொள்ளலாம். பேக்கரி ஈஸ்ட்டை வாங்கிப் போடலாமா என்பதற்கும் அதே பதில்தான். வாங்கியதைத் தகரக் கூரைக்குக் கீழே தீவன மூட்டைமேல் வைத்தால், மாட்டைக் காக்க வந்தது மாட்டுக்கு முன்னால் வெயிலில் செத்துப்போகும். சூடான கஞ்சியில் கலக்கினாலும் அதே கதி. கத்திரி தொடங்கியபின் ஓடுவதைவிட, இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே ஆரம்பித்தால் வயிற்றில் உள்ளவை பழக நேரம் கிடைக்கும்.

பலன் தெரிகிறதா என்று பாத்திரத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஒரே மாட்டின் பாலே நாளுக்கு நாள் அரை லிட்டர், ஒரு லிட்டர் ஏறி இறங்கும். நான்கு மாட்டில் அரை லிட்டர் வித்தியாசம் அந்த ஏற்ற இறக்கத்தில் மூழ்கிவிடும். ஆய்வாளர்களுக்கு நூறு சோதனைகள் தேவைப்பட்டது இதனால்தான். மாட்டுக்காரர் வேறு அடையாளங்களைப் பார்க்கலாம். சாணம் நுரையும் முழுத் தானியமுமாக இளகி விழுந்தது கெட்டிப்படுகிறதா? ஒரு கவளத்தை மேலே கொண்டுவந்து மெல்லும்போது ஐம்பது தடவைக்கு மேல் மெல்லுகிறதா, முப்பதிலேயே விழுங்கிவிடுகிறதா? சொசைட்டிச் சீட்டில் கொழுப்பு முன்பிருந்த இடத்துக்கு வருகிறதா? மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுத்தும் இதில் எதுவும் அசையவில்லை என்றால் அந்த மாட்டின் சிக்கல் முதல் வயிற்றில் இல்லை. ஈஸ்ட்டை நிறுத்திவிட்டு அந்தக் காசில் கொட்டகைக்கு ஒரு விசிறி மாட்டலாம்.